தாய்மாமன் அடித்த கம்ப்யூட்டர் பெட்டி

மழை வருகிற மாதிரி இருந்தால் நீங்களும் நானும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஒத்தவேலம்பட்டி பந்தல் கோஷ்டி, குடை நனைந்துவிடக் கூடாதே என்று அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பும். மொத்தம் நாலு பேர். மேஸ்திரி சோலைமலை, அவருக்குக் கீழே ஒச்சப்பன், குருவன், பெரியமாயன். பெரியமாயனுக்குப் பேர்தான் பெரிசு, ஆள் ஊதுபத்தி மாதிரி இருப்பான். தங்கமான மனுஷர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறையும் அதுதான்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் பிளைவுட், ஆணி, பெயிண்ட் விற்கிற கடை என்னுடையது. இந்தக் கதையில் வருகிற பலகை எல்லாம் என் கடையில் வாங்கியதுதான். "பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தாய்?" என்று கேட்பீர்கள். பலகை வாங்க வருகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினால் என் பிழைப்பு என்னாவது?

விஷயம் இதுதான். சோலைமலையின் அக்கா மகள் நாகஜோதி, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். மதுரையில் வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனி, மிக்சியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் விற்பார்கள். வாங்கினவர்கள் போன் போட்டுச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் எடுத்தார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும், செல்போனில் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று கறாராக எழுதியிருந்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாசம் கல்யாணம் என்று அவள் அம்மா முடிவு பண்ணி வைத்திருந்தாள். மாப்பிள்ளை யார் என்று முடிவாகவில்லை, தேதி முடிவாகிவிட்டது.

கம்ப்யூட்டர் இருந்தது. கூடப் படித்த ரெஜினா டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருக்கிறாள். பழைய சாமான்களாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை ஓடவைத்துக் கொடுத்துவிட்டாள். பெட்டி மட்டும் கிடையாது. போர்டும் விசிறியும் வயருமாகத் தையல் மிஷின் மேல் ஒரு தாம்பாளத்தில் விரித்து வைத்திருந்தாள் நாகஜோதி. திங்கட்கிழமை காலையில் வீட்டுக் கோழி அதன் மேல் ஏறி நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் பிழைத்தது. கோழியும் பிழைத்தது, ஆனால் அதற்கப்புறம் அது முட்டையிடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டது.

இதற்கு மேல் பெட்டி இல்லாமல் முடியாது என்று ஆனது. தெரிந்த ஆசாரியிடம் சொல்லி அடித்துக்கொள்கிறேன் என்றாள் பெண். தாய்மாமன் கல்லு மாதிரி இருக்கும்போது வெளி ஆளிடம் போவதா என்று அம்மா குதித்தாள். காதுகுத்துக்கு அவர் சீர் செய்தார், சடங்குக்குச் செய்தார், இதுவும் அவர் செய்யவேண்டிய சீர்தான் என்று முடிந்துபோனது. சோலைமலை வெற்றிலை பாக்கோடு வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டி எப்படி இருக்கவேண்டும் என்று ரெஜினா போனில் சொன்னதை நாகஜோதி ஒரு தாளில் எழுதி, நாலு பேரையும் உட்காரவைத்து மூன்று தடவை படித்துக் காட்டினாள். கச்சிதமாக இருக்கவேண்டும். சாமான் எல்லாம் உள்ளே அடங்கவேண்டும், எதுவும் வெளியே தொங்கக் கூடாது. காற்று கீழே உள்ளே வந்து மேலே வெளியே போக ஓட்டை வேண்டும். இடதுபக்கப் பலகை கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கவேண்டும். திருகாணித் தலை வெளியே தெரியக் கூடாது, உள்ளே இருந்து முடுக்கவேண்டும். தாளில் இருந்தது இவ்வளவுதான். நீங்களும் நானும் படித்தால் ஒரு மணி நேர வேலை.

அன்றைக்கே என் கடையில் அரை ஷீட் பலகை வாங்கினார்கள். போன கல்யாணத்தில் மிச்சமான போஸ்டரின் பின்பக்கம் ஆறு பலகைக்கும் படம் வரைந்தார்கள். எது இடதுபக்கப் பலகை என்பதில் ஆரம்பித்தது வம்பு. நாலு பேரும் படத்தைச் சுற்றி நாலு பக்கம் உட்கார்ந்திருந்ததால் நாலு இடது வந்தது. ஒச்சப்பன் எழுந்து வந்து குருவன் பக்கத்தில் உட்கார்ந்தான், உடனே ஒரு இடது குறைந்தது. அதைப் பார்த்து மற்ற இருவரும் வந்து உட்கார, எல்லாருக்கும் ஒரே இடது கிடைத்தது. அதற்கப்புறம் பெட்டி முடிகிற வரைக்கும் நாலு பேரும் தண்ணீர் குடிக்கப் போனால்கூட ஒன்றாகவே போய், ஒன்றாகவே வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அடுத்தது காற்று. கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை போட்டாயிற்று. உள்ளே வந்த காற்றுதான் மேலே போகிறதா, இல்லை வேறு ஏதாவது காற்று இடையில் புகுந்து போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோலைமலை அரை மணி நேரம் யோசித்தார். ஒச்சப்பனுக்கு இரண்டு பச்சை வெங்காயத்தைத் தின்னக் கொடுத்து, கீழ் ஓட்டையில் வாயை வைத்து ஊதச் சொன்னார். மேல் ஓட்டையில் குருவன் மூக்கை வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதே காற்றுதான் என்று குருவன் சத்தியம் பண்ணினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டி உருவாகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, நல்ல பெட்டி. குக்கர் வருகிற அட்டைப்பெட்டி அளவுதான் இருந்தது. கடைசிப் பலகையை மாட்டினால் வேலை முடிந்தது.

இங்கேதான் நீங்கள் பந்தல்காரர்களின் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தலைச் சுற்றிக் கட்டுகிற படுதாவுக்கு முடிச்சு வெளியே தெரிந்தால் அந்தப் பந்தல்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதனால் ஒரு ஆள் உள்ளே நின்றுதான் முடிச்சுப் போடுவான். இருபது வருஷமாக இவர்கள் அப்படித்தான் கட்டிவருகிறார்கள். சோலைமலை தாளை எடுத்து மறுபடியும் படித்தார்.

"உள்ள இருந்து முடுக்கணும்னு எழுதியிருக்கு. உள்ள யாரு இருக்கா?"

ஒச்சப்பன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றான்.

"அப்ப யாரு முடுக்குறது?"

குருவன் கையை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்கிறேன் என்றான். விட்டான். கை மாட்டிக்கொண்டது. விளக்கெண்ணெய் ஊற்றினார்கள், சோப்பு போட்டார்கள், கடைசியில் பெட்டியை உடைத்துக் கையை எடுத்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த நாகஜோதி, திருகாணி வெளியே தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். தாய்மாமன் சீரில் முடிச்சுத் தெரிந்தால் நாலு பேர் காறித் துப்ப மாட்டார்களா என்று சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது. தாயைப் போய்க் கேட்டாள். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றாள் தாய்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் என் கடைக்கு வந்து ஆறு முழு ஷீட் கேட்டார்கள். எதுக்கு என்றேன். கச்சிதமான கம்ப்யூட்டர் பெட்டிக்கு என்றார் சோலைமலை. எட்டடிக்கு நாலடி ஷீட், ஆறு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், ஷீட்டைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு என் டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

இருப்பதிலேயே ஒல்லியான ஆள் பெரியமாயன் என்பதால் அவனைக் குத்தவைத்து உட்காரவைத்து அளவெடுத்தார்கள். கச்சிதம் என்று தாளில் இருக்கிறதே, அதை விட முடியுமா? செவ்வாய் ராத்திரியிலிருந்து அவனுக்குச் சோறு கிடையாது. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தார்கள், கால் அங்குலம் குறைந்தது. மீசை முன்பக்கம் அரை அங்குலத்தை அடைக்கிறது என்று குருவன் கண்டுபிடித்தான். பெரியமாயன் பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை அது. எடுக்கும்போது அழுதுவிட்டான். பெண்பிள்ளையின் வாழ்க்கை முக்கியமா, உன் மீசை முக்கியமா என்று சோலைமலை கேட்டதும் முகத்தைக் காட்டினான்.

புதன்கிழமை நாகஜோதி சான்றிதழ் வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தாம்பாளத்தோடு சாமான்களையும் திரை, கேமராவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக் காலையில் பத்தரைக்குப் பெட்டி வீட்டு வாசலில் இருக்கும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பத்தரைக்கு முன்னால் மேளம், பின்னால் என் டெம்போ. டெம்போவில் பெட்டி. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பீரோவைப் படுக்கவைத்து அதற்குக் கொஞ்சம் சாப்பாடு போட்டு வளர்த்தால் எப்படி இருக்கும், அந்த அளவு. மாலை போட்டு, சந்தனம் தெளித்து, முன்பக்கம் எது என்று குழப்பம் வராமல் இருக்க மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வாசற்படி வழியாகப் போகவில்லை. வீட்டு வாசலிலேயே இறக்கி, பத்தே நிமிஷத்தில் அதற்கு மேல் ஒரு பந்தலும் போட்டுவிட்டார்கள். தொழிலில் கெட்டிக்காரர்கள்.

நாகஜோதி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஹெட்செட்டும் மவுஸும் மட்டும் அவள் பையில் இருந்ததால் தப்பியிருந்தன. கம்ப்யூட்டர் திரையை முன்பக்கப் பலகையில் ஜன்னல் மாதிரி பதித்திருந்தார்கள். குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அப்போது பெட்டி தும்மியது.

"உள்ள யாரு மாமா?"

"பெரியமாயன்தான்" என்றார் சோலைமலை.

"அவரு ஏன் உள்ள இருக்காரு?"

"முடுக்குறதுக்கு."

"அதான் முடுக்கியாச்சுல்ல. வெளிய வரச் சொல்லுங்க."

"வெளிய வந்துட்டா இடதுபக்கப் பலகையை யாரும்மா உள்ள இருந்து முடுக்குறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பலகை கழற்றி மாட்டுகிற மாதிரிதானே இருக்கவேண்டும், கழற்றச் சொல்லுங்கள் என்றாள் அவள். தாராளமாகக் கழற்றலாம், நாற்பத்திரண்டு திருகாணி, ஒரு மணி நேரம் ஆகும் என்று உள்ளே இருந்து பெரியமாயன் பவ்யமாகச் சொன்னான். மணி பத்து ஐம்பது. நாகஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருஷம் காத்திருந்து வந்த ஒரே இன்டர்வியூ. ஆறு ஷீட் விற்ற பாவி நான்தானே.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டிலிருந்து இழுத்த கரண்ட் வயரையும் மவுஸ் வயரையும் ஹெட்செட் வயரையும் மேல் ஓட்டை வழியாக உள்ளே விட்டாள். எந்த வயரை எங்கே சொருகவேண்டும் என்று பெரியமாயனுக்கு மெதுவாக, ஒவ்வொன்றாக, நாலு தடவை சொன்னாள். நாலாவது தடவை சரியாகச் சொருகினான். திரையில் வெளிச்சம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

சரியாகப் பதினொரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் நாகஜோதியின் முகம் தெரியவேண்டும். தெரிந்தது பெரியமாயன் முகம். எதுவும் வெளியே தொங்கக் கூடாது என்று தாளில் இருந்ததல்லவா, கேமராவையும் உள்ளே வைத்துவிட்டார்கள். மீசையில்லாமல், வேர்த்து விறுவிறுத்து, கழுத்தைச் சுற்றி வயரோடு இருந்தான். மூன்று பேரும் வணக்கம் சொன்னார்கள். இடமில்லாத இடத்தில் பெரியமாயனும் எப்படியோ கையைக் கூப்பினான்.

அந்த அம்மாள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், பெரியமாயனைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். நாகஜோதி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, நீங்கள் பார்ப்பது நான் இல்லை மேடம், நான் பெட்டிக்கு வெளியே இருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். அவர் ஏன் உள்ளே இருக்கிறார் என்று கேட்டார்கள். ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோழி, இடது, வெங்காயம், குருவன் கை, மீசை, நாற்பத்திரண்டு திருகாணி. இடையிடையே பெரியமாயன், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் இருந்த ஒருத்தர் மேஜைக்குக் கீழே குனிந்தவர் கொஞ்ச நேரம் மேலே வரவேயில்லை.

"இவங்களுக்கு இதை எத்தனை தடவை சொல்லிப் புரியவெச்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பதினாலு தடவை மேடம். இன்னும் புரியலை."

"கோபம் வரலையா?"

"வந்துச்சு மேடம். அழுகையும் வந்துச்சு. ஆனா நான் ஒரு தடவை கத்தினா இவங்க இன்னொரு பலகை சேர்த்துருவாங்க. அதனால மறுபடியும் முதல்ல இருந்து மெதுவாச் சொல்லுவேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு வருகிற போன் எல்லாம் இந்த மாதிரித்தானம்மா, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடு என்றார் அந்த அம்மாள். நாகஜோதி திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், தை மாசத் தேதி வீணாய்ப் போனதற்கும் சேர்த்தே அழுதிருப்பாள். சோலைமலை மேளத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். பெரியமாயன் மட்டும், நான் இனி சாப்பிடலாமா என்று உள்ளே இருந்து கேட்டான்.

அக்கம்பக்கத்து ஊரில் செய்தி பரவிவிட்டது, ஒத்தவேலம்பட்டிப் பெட்டி ராசியான பெட்டி என்று. இரண்டு வருஷம் வராத வேலை, பெட்டி வந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டதே. நல்லமரத்துப்பட்டியில் ஒருத்தர் தன் மகனுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்ல, என் கடையில் இன்னும் ஆறு ஷீட் போயிற்று. நான் வாயே திறக்கவில்லை. ராசிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இனி நடந்ததை நாகஜோதியே என் கடைக்கு வந்து சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் பயிற்சி. அடுத்த திங்கட்கிழமை காதில் ஹெட்செட்டை மாட்டி, முதல் போனை எடுத்து, கம்பெனி சொல்லிக் கொடுத்தபடி, வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்று அழகான தமிழில் கேட்டிருக்கிறாள்.

அந்தப் பக்கம் ஒரு ஆள் தொண்டையைச் செருமிவிட்டு, உங்கள் கம்பெனி ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கினோம், அட்டையில் இந்த நம்பர் இருந்தது என்று ஆரம்பித்தார். குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, சொல்லுங்கள் ஐயா என்றாள்.

ஒரு பெட்டி அடித்தோம், உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தன் முடுக்க, ஒருத்தன் டார்ச் பிடிக்க. முடுக்கி முடித்ததும் பொறுப்பாக ஸ்க்ரூடிரைவரை மேல் ஓட்டை வழியாக வெளியே கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் வெளியே வரவேண்டும், சாப்பாட்டு நேரம், திருகாணி எல்லாம் உள்பக்கம் இருக்கிறது என்றார் அவர்.

"அதே ஓட்டை வழியா ஸ்க்ரூடிரைவரை உள்ளே குடுங்க ஐயா."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஆலோசனை நடந்தது. பெட்டிக்குள் இருந்தும் இரண்டு குரல் கலந்துகொண்டது.

"அது வெளிய போற ஓட்டைம்மா. உள்ள வர்ற ஓட்டை கீழ இருக்கு. அது தரையோட கிடக்கு. பெட்டியைத் தூக்குனாத்தான் குடுக்க முடியும். தூக்க நாலு பேரு வேணும். எங்க ஆளு ரெண்டு பேரு உள்ளல்ல இருக்காங்க."

நாகஜோதி கண்ணை மூடி, பத்து வரைக்கும் எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நாலு பேராகச் சேர்ந்து ஒரு பக்கமாகத் தூக்குங்கள், கீழ் ஓட்டை வழியாகக் கொடுங்கள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ரொம்பப் பொறுமையாச் சொன்னீங்க தாயி, நல்லா இருக்கணும். எங்க அக்கா மக ஒருத்தி மதுரைல இதே வேலைதான் பார்க்குறா. அவகிட்டக் கேட்டா திட்டுவா. அதான், தெரியாத ஆளா இருக்கட்டும்னு உங்களுக்குப் போன் போட்டோம்."